பள்ளம் தெரிந்தால் டயர் கழலும்

சிவகாசிப் பட்டாசுக்கும் மோட்டார் சைக்கிள் டயருக்கும் பொதுவான பொருள்கள் இரண்டு உண்டு: கந்தகம், கரி. கருமருந்தில் இவை வெடியுப்போடு சேர்ந்து ஒரு நொடியில் எரிந்து தீர்கின்றன. டயரிலோ அதே கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. கரித்தூள் அந்தப் பிணைப்புக்கு வலுவூட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் சரளையிலும் தேய்ந்தும் டயர் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகள் ஊரை விட்டு விலகி, கரிசலும் பொட்டலுமான வெளியில் இருக்கின்றன. வெடிபொருள் செய்யும் இடம் குடியிருப்பை ஒட்டி இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் வேலைக்குப் போகிறவர்கள் எக்ஸ்.எல்.லிலோ ஸ்பிளெண்டரிலோ மண் தடத்தில் போய் வர வேண்டியிருக்கிறது. தடத்தின் இரு பக்கமும் சீமைக் கருவேலம். விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட இந்த மரம் இன்று விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களின் தரிசுகளை நிறைத்துவிட்டது. அதன் காய்ந்த முள், தேய்ந்த டயரைத் துளைத்து டியூப் வரை போய்விடும். பஞ்சர் கடை மெயின் ரோட்டில் இருக்கும். வண்டி நிற்பது காட்டுக்குள்.

சக்கரத்தை நாமே கழற்றத் தெரிந்திருந்தால், வண்டியை உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு போகும் பாடு மிச்சம். இரண்டு டயர் லீவர், ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளேயர், ஒட்டுப் போடும் சாமான், ஒரு கைப் பம்பு, ஒரு குவளை சோப்புத் தண்ணீர். இவ்வளவுதான் தேவை. ஆனாலும் பலர் பாதியில் கைவிடுகிறார்கள். 'கையில் வலு பத்தவில்லை' என்பார்கள். உண்மையில் குறைந்தது வலு அன்று.

நீளாத வளையம்

டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தால் கெட்டியான ஒரு வளையம் தட்டுப்படும். டயர்த் தொழிலில் இதற்கு 'பீடு' என்று பெயர். ரப்பருக்குள்ளே எஃகுக் கம்பிகளைச் சுற்றி இதை அமைக்கிறார்கள். டயர் ரிம்மை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வது இந்த எஃகு வளையம்தான்.

18 அங்குல டயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 457 மில்லிமீட்டர். ரிம்மின் ஓரம் எல்லாப் பக்கமும் அதைவிட ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. அப்படியானால் ஓரத்தின் விட்டம் 485 மில்லிமீட்டரை ஒட்டி வரும். சுற்றளவில் பார்த்தால் வளையம் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் சின்னது. ரப்பர் இழுத்தால் நீளும். எஃகு வளையம் அப்படி நீளாது. பிறகு எப்படி இந்த டயர் ரிம்முக்குள் போனது?

விடை ரிம்மின் நடுவில் இருக்கிறது. டயர் இல்லாத ரிம்மைக் குறுக்காகப் பார்த்தால் இரு ஓரமும் உயர்ந்து, நடுப்பகுதி பள்ளமாக இறங்கியிருக்கும். வளையத்தின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால், முழு வளையமும் அந்தப் பக்கமாக நகர்கிறது. நகர்ந்த அளவு எதிர்ப்பக்கத்தில் தளர்வாகக் கிடைக்கிறது. அந்தத் தளர்வு ஓரத்தைத் தாண்டப் போதும். வளையம் நீளவும் இல்லை, ரிம் வளையவும் இல்லை.

பள்ளத்தை மறந்துவிட்டு லீவரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 30 சென்டிமீட்டர் நீள லீவரின் நுனியிலிருந்து 2 சென்டிமீட்டரில் ரிம் முட்டுக்கொடுக்கிறது என்றால், கை கொடுக்கும் விசை நுனியில் 14 மடங்காகும். 10 கிலோ அழுத்தம் 140 கிலோவாகிவிடும். அவ்வளவும் எஃகு வளையத்தின் மேல் இறங்கினால் கம்பி அறும், அல்லது ரிம்மின் ஓரம் மடங்கும். லீவர் அசைய மறுத்தால் எதிர்ப்பக்கத்து வளையம் பள்ளத்தை விட்டு மேலே ஏறிவிட்டது என்று பொருள். அங்கே முழங்காலை வைத்து அழுத்தினால் லீவர் தானே இளகும்.

பசை காயக் காத்திருந்த காலம்

காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றார். அது பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று டயரை மறுபடியும் உருவாக்கினார். அந்த டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சரானால் பிய்த்தெடுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் பசை தடவிக் காயவைக்க வேண்டும். பிரான்சின் கிளெர்மான்ஃபெரான் நகரிலிருந்த மிஷெலின் தொழிற்சாலைக்கு இப்படி ஒரு சைக்கிள் வந்தபோது, வேலைக்கு மூன்று மணி நேரமும் பசை காய ஒரு ராத்திரியும் ஆனதாகச் சொல்வார்கள். அந்த அலுப்பிலிருந்துதான் கழற்றி மாட்டக்கூடிய மிஷெலின் டயர் 1891இல் வந்தது. அதே ஆண்டு அதைப் பூட்டிக்கொண்டு ஷார்ல் தெரோன் என்ற பந்தய வீரர் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டரை ஏறக்குறைய 71 மணி நேரத்தில் முடித்து முதலிடம் பிடித்தார்.

நம் வண்டிகளில் இன்று இருக்கும் அமைப்புக்கு முன்னோடி இங்கிலாந்தின் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச். ஓரத்தில் நீளாத கம்பி, ரிம்மின் நடுவில் பள்ளம் என்ற யோசனைக்கு அவர் 1890இல் காப்புரிமை பெற்றார். எக்ஸ்.எல். முதல் புல்லட் வரை எல்லா வண்டியும் அந்தப் பள்ளத்தை நம்பித்தான் டயர் மாற்றிக்கொள்கிறது.

டயரின் கதை தென் தமிழகத்துக்கும் அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வடிக்கிறார்கள். இருசக்கர வாகன டயர் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனத்தின் ஆலை மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது. ரப்பர் பாலைக் கட்டியாக்கினால் மட்டும் டயர் ஆகாது; வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். நூறு பங்கு ரப்பருக்கு ஓரிரு பங்கு கந்தகமே போதும்.

கழற்றும் வரிசை

பின்சக்கரத்தில்தான் வேலை அதிகம். சமதரையில் வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஓடி வந்த வண்டியானால் சைலன்சர் ஆறட்டும். டிரம் பிரேக் உள்ள வண்டியில் முதலில் பிரேக் ராடின் நட்டைக் கழற்றி, பிறகு பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் தண்டின் பூட்டை எடுக்க வேண்டும். ஆக்சில் நட்டைத் தொடுவதற்கு முன், செயின் அட்ஜஸ்டர் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று இரு பக்கமும் சாக்பீஸால் குறித்துக்கொள்வது நல்லது. திரும்ப மாட்டும்போது ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னுமாக இருந்தால் சக்கரம் கோணலாக ஓடி, செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும்.

ஆக்சிலை உருவியதும் ஒரு புஷ் கீழே விழும். அது எந்தப் பக்கம் இருந்தது, எப்படித் திரும்பியிருந்தது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் செயினும் பல்சக்கரமும் தனி நட்டில் வண்டியோடே நிற்கும். ஹப் ரப்பரிலிருந்து சக்கரத்தை மட்டும் இழுத்தெடுத்து, வண்டியைச் சற்றுச் சாய்த்து வெளியே கொண்டுவரலாம். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரமானால் கழற்றிய பிறகு பிரேக் லீவரைத் தொடவே கூடாது. நடுவில் தட்டு இல்லாததால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பேடுகளுக்கு இடையே ஒரு மரச் சில்லைச் செருகி வைத்தால் அந்தக் கவலை இல்லை.

அடுத்து டயர். வால்வு பின்னைக் கழற்றி, மிச்சக் காற்றையும் இறக்கிவிட வேண்டும். பல மாதம் ஓடிய டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குதிகாலால் சுற்றிலும் மிதித்தால் சில டயர் விடும். விடாதவற்றை, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் டயரின் ஓரம் படும்படி சக்கரத்தைப் படுக்க வைத்து, அந்த வண்டியை அதன் மேல் மெல்லச் சாய்த்து விடுவிப்பவர்களும் உண்டு. இரு பக்கமும் ஒட்டு விட்ட பிறகே லீவரை எடுக்க வேண்டும்.

வால்வு இருக்கும் இடத்தில் டியூப் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், அங்கே வளையம் கீழே இறங்காது. அதனால் வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பள்ளத்துக்குள் அழுத்தி, வால்வு அருகில் லீவரைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலைந்து சென்டிமீட்டர் தூக்கினால் போதும். மாட்டும்போது இது தலைகீழாகும்: வால்வுக்கு எதிரில் தொடங்கி வால்வு அருகில் முடிக்க வேண்டும். டியூபில் உருண்டு நிற்கும் அளவு கொஞ்சம் காற்று இருந்தால் அது மடங்காது, லீவர் நுனியிலும் எளிதில் சிக்காது. புது டியூப் போட்டதும் பஞ்சர் என்று புலம்புகிறவர்கள் பலருக்கு அந்த ஓட்டையைப் போட்டது அவர்களுடைய லீவர்தான்.

வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஆயிலோ கிரீஸோ வேண்டாம். பெட்ரோலியப் பொருள் பட்டால் ரப்பர் உப்பி இளகும். ஸ்போக்ஸ் சக்கரமானால் ரிம் டேப்பைப் பார்க்காமல் விடக் கூடாது. அது இற்றுப்போயிருந்தால் ஸ்போக்ஸ் நிப்பிள் உள்ளிருந்தே டியூபை உரசித் தின்னும். டயரின் உட்புறத்தையும் ஒரு துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். முள்ளின் ஒடிந்த நுனி உள்ளே நின்றுகொண்டிருந்தால் அடுத்த பஞ்சர் அடுத்த நாளே. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசை.

பட்டாசுப் பகுதியில் ஓர் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. ஆலைகளில் மருந்து கையாளும் இடத்தில் இரும்புக் கருவிக்குப் பதில் பொறி எழுப்பாத பித்தளையையும் மரத்தையும் பயன்படுத்துவது வழக்கம். டயர் லீவரும் சுத்தியலும் எஃகு. பஞ்சர் சொல்யூஷனில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் இருக்கிறது. ஆலை வளாகத்திலோ பட்டாசு வைத்திருக்கும் கட்டடத்தின் பக்கத்திலோ இந்த வேலையைச் செய்யவே கூடாது.

வெயிலும் காற்றும்

விருதுநகர் வெயிலில் காற்றின் அளவு எப்போது பார்க்கப்பட்டது என்பது முக்கியம். காலையில் 30 டிகிரி செல்சியஸில் 28 பி.எஸ்.ஐ. அடித்த டயர், மதியம் ஓடி 60 டிகிரியைத் தொட்டால் உள்ளழுத்தம் 32 ஆகும். வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு உயரும் என்ற பள்ளிப் பாடம்தான் இது. கையேட்டில் போட்டிருக்கும் அளவு ஆறிய டயருக்கானது. சூடான டயரில் 32 காட்டுகிறதே என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் 28க்கும் கீழே நிற்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அந்த மடங்கலில் பிறக்கும் சூடு ரப்பரையும் உள்ளிருக்கும் நூல் அடுக்கையும் கெடுக்கும்.

டயர் தேயாமலேயே வெயில் அதைக் கிழடாக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தாக்கி, பக்கவாட்டில் முடி போன்ற வெடிப்புகளை உண்டாக்குகின்றன. தரையில் படும் பட்டன் நன்றாக இருந்தாலும் வெடிப்பு ஆழமாகிவிட்டால் டயரை மாற்றத்தான் வேண்டும்.

புதிது வாங்கும்போது பக்கவாட்டிலேயே எல்லாம் எழுதியிருக்கிறது. '80/100-18 54 பி' என்றால் அகலம் 80 மில்லிமீட்டர். உயரம் அகலத்தில் 100 சதவீதம். ரிம் 18 அங்குலம். தாங்கும் எடை 212 கிலோ. வேக வரம்பு மணிக்கு 150 கிலோமீட்டர். நான்கு இலக்கம் தனியாக இருக்கும். '2324' என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இந்தியாவில் விற்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

எல்லா டயரும் வீட்டு வேலைக்கு ஒத்துவராது. ஸ்போக்ஸ் ரிம்மில் டியூப் போட்ட ஒல்லி டயரைத் தாராளமாக வீட்டில் மாற்றலாம். அலாய் ரிம்மில் இருக்கும் டியூப்லெஸ் டயர் வேறு. அதன் வளையம் ரிம்மில் காற்றுப் புகாமல் உட்கார, ஒரே மூச்சில் நிறையக் காற்று தேவை. கைப் பம்புக்கு அது கடினம். லீவர் கீறிய அலாய் ஓரம் காற்றைக் கசியவும் விடும். ஆணி, முள் குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து ரப்பர் திரி செருகி அடைத்துக்கொள்ளலாம். டயரையே மாற்றுவதானால் மெஷின் உள்ள கடைக்குப் போவதுதான் சரி.

சக்கரத்தை மாட்டி முடித்ததும் ஆக்சில் நட்டைக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். 50 நியூட்டன் மீட்டர் என்று இருந்தால், 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 20 கிலோ அழுத்தம். வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை நாலைந்து முறை அழுத்தி, பிடிக்கிறதா என்று பாருங்கள். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் ஆக்சில் நட்டையும் காற்றையும் இன்னொரு முறை சோதித்துவிடுங்கள்.