கேபினுக்குள் கசியும் எஞ்சின் ஆயில்

லாரியின் டர்போ பழுதானால் பூந்தமல்லி, நசரத்பேட்டைப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சைலன்சரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நீலப்புகை வந்தால் பெரும்பாலும் ஆயில் சீல் போயிருக்கும். டர்போவின் தண்டு அசுர வேகத்தில் சுழல்வதால் அதற்கு ஆயில் வேண்டும். அந்த ஆயில் வெளியே வராமல் தடுக்க சீல் வேண்டும். சீல் தேய்ந்தால் ஆயில், எஞ்சினுக்குள் போகும் காற்றில் கலந்துவிடும். ஜெட் எஞ்சினிலும் அடிப்படை ஏற்பாடு இதுவே. ஆனால் அங்கே அழுத்திச் சூடேறிய காற்றில் ஒரு பங்கு, விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் மூக்குக்குப் போகிறது.

35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். வெப்பநிலையோ பூச்சியத்துக்குக் கீழே 50 டிகிரியைத் தாண்டும். அங்கே மனிதர்கள் உயிரோடிருக்க வேண்டுமானால் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். பொதுவாக 8,000 அடி உயரத்துக்குரிய அழுத்தத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஊட்டி நகருக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் அது. இதற்கான அழுத்தக் காற்று எஞ்சினின் கம்ப்ரஸரில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுப்பதை ‘ப்ளீட் ஏர்’ என்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க வரும் அந்தக் காற்றை விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும் ‘பேக்’ என்ற கருவி குளிரவைத்துக் கேபினுக்கு அனுப்புகிறது.

ஆரம்பகால போயிங் 707 போன்ற விமானங்களில் கேபின் காற்றை அழுத்தத் தனிக் கம்ப்ரஸர்கள் இருந்தன. பிற்பாடு எடையும் செலவும் குறையும் என்று எஞ்சினிலிருந்தே எடுக்கும் முறை நிலைத்துவிட்டது. போயிங் 787 மட்டும் பழைய யோசனைக்குத் திரும்பி, மின்சாரக் கம்ப்ரஸர்களால் வெளிக்காற்றை நேரடியாக இழுத்துக்கொள்கிறது. ஏர் இந்தியா 2012 முதல் அதை ஓட்டுகிறது. ஆனால் மீனம்பாக்கத்தில் அன்றாடம் இறங்கி ஏறும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏடிஆர் எல்லாமே எஞ்சின் காற்றை நம்பியவை.

கொரோனா நாட்களில் விமானக் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாக வருகிறது, பயம் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கிருமியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அந்த வடிகட்டி, கேபினில் ஏற்கெனவே இருக்கும் காற்றைச் சுற்றிவிடும் பாதையில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து புதிதாக வரும் காற்றுக்குப் பெரும்பாலான விமானங்களில் வடிகட்டியே கிடையாது. தவிர, ஹெப்பா துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

ஜெட் எஞ்சின் சீல்கள் பல, காற்றழுத்தத்தாலேயே ஆயிலைத் தடுத்து நிறுத்துபவை. எஞ்சினைக் கிளப்பும்போதும், மேலேறும்போதும், இறங்குவதற்கு வேகத்தைக் குறைக்கும்போதும் அந்த அழுத்தம் தடுமாறும். அந்த நேரங்களில் கொஞ்சம் ஆயில் கசிய வாய்ப்பு உண்டு. சீல் கெட்டுப்போனாலோ, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டாலோ கசிவு பெரிதாகும். பல நாள் துவைக்காத சாக்ஸ் நாற்றம் என்று கேபின் க்ரூ சொல்வது இதைத்தான். சில சமயம் மெல்லிய நீலப் படலம்கூடத் தெரியும்.

அந்த ஆயிலில் தேய்மானத்தைத் தடுப்பதற்காக ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்ற ரசாயனத்தைச் சுமார் 3 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். இதன் சில வகைகள் நரம்பைக் கெடுப்பவை. இந்த விஷம் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1977–78இல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமிகளுக்குக் கைகால் நரம்புகள் செயலிழந்தன. எல்லோரும் அப்போதுதான் வயதுக்கு வந்தவர்கள். நம் வீடுகளில் கொடுப்பதைப் போலவே அவர்களுக்கும் நல்லெண்ணெய் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணெயில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் இருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் கலந்திருக்கலாம் என்று கண்டறிந்தார்கள். மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள். அந்தச் சிறுமிகளின் உடம்பு தேறட்டும் என்று பெற்றவர்கள் ஆசையாகக் கொடுத்த எண்ணெய் அது. படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

மொராக்கோவில் 1959இல் நடந்தது இன்னும் பெரிது. அமெரிக்க விமானத் தளத்தில் மிஞ்சிய ஜெட் எஞ்சின் ஆயிலை வாங்கிய வியாபாரிகள் அதைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். மெக்னெஸ் நகரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 10,000 பேர் முடமானார்கள்.

இதைச் சொல்லிப் பயணிகளைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. இலங்கையிலும் மொராக்கோவிலும் பாதிக்கப்பட்டவர்கள் உட்கொண்டது வாய்வழியாக, அதிக அளவில். இன்றைய ஆயிலில் மிக மோசமான ‘ஆர்த்தோ’ வகை மிகவும் குறைக்கப்பட்டுவிட்டது. எப்போதாவது பறப்பவர் கவலைப்படக் காரணம் இல்லை. வருடக்கணக்கில் அதே காற்றில் வேலை பார்க்கும் க்ரூவின் நிலை வேறு. தலைவலி, மறதி, கைகால் மரத்துப்போதல், தீராத சோர்வு என்று அவர்கள் சொல்லும் தொகுப்புக்கு 1999இல் ‘ஏரோடாக்ஸிக் சிண்ட்ரோம்’ என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். காரண காரிய உறவு நிரூபிக்கப்படவில்லை என்று பிரிட்டனின் நச்சியல் குழு 2013இல் சொன்னது. அங்கே கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 100 பயணங்களில் காற்றை அளந்து, வரம்புக்குள் இருப்பதாக 2011இல் அறிக்கை தந்தது. ஆனால் அந்தப் பயணங்கள் எதிலும் பெரிய கசிவு நேரவில்லை. வெள்ளம் வராத நாளில் கூவத்தை அளந்து கரையோரத்துக்கு ஆபத்தில்லை என்று முடிவுகட்ட முடியாது.

நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழக்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1992இல் சிட்னியிலிருந்து பிரிஸ்பேன் போன பிஏஇ 146 விமானத்தில் புகையைச் சுவாசித்த பணிப்பெண் ஜோஆன் டர்னர், நிரந்தர இருமலுக்கு ஆளானார். 2009இல் தீர்ப்பாயம் அவருக்கு இழப்பீடு வழங்கியது. 2010இல் உயர் நீதிமன்றமும் அதை மாற்ற மறுத்தது. பதினெட்டு வருடப் போராட்டம். ஆதாரத்தைத் திரட்டுவது அவ்வளவு பாடு, ஏனென்றால் பெரும்பாலான விமானங்களில் இந்த ஆவியைக் கண்டுபிடிக்கும் சென்சாரே இல்லை. க்ரூவின் மூக்குதான் கருவி, அந்த மூக்கும் சில நிமிடங்களில் நாற்றத்துக்குப் பழகிவிடும். நாற்றம் போய்விட்டது என்பதால் காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் விடியுமுன் கிளம்பி, மதுரவாயல் பைபாஸ் வழியாக மீனம்பாக்கத்துக்கு விமான வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சர்வதேச சிவில் விமான அமைப்பு 2015இல் இதற்கென்றே 344ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. சந்தேகம் வந்த உடனே விமானிகள் ஆக்சிஜன் முகமூடியை 100 சதவீதத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்; காரணத்தை அப்புறம் தேடலாம். எந்தப் பேக், எந்த எஞ்சின் என்று கண்டுபிடித்து அதை அடைப்பது அடுத்த வேலை. கேபினில் இருப்பவர்கள் எந்த வரிசையில், எத்தனை மணிக்கு, என்ன மாதிரி நாற்றம் என்று உடனே காக்பிட்டுக்குச் சொல்ல வேண்டும். பயணிகள் தலைக்கு மேலிருந்து விழும் மஞ்சள் முகமூடி இங்கே உதவாது. அது கேபின் காற்றையும் கலந்தே தரும். க்ரூவுக்கான கையடக்க ஆக்சிஜன் சிலிண்டரும் புகைக் கவசமும் வேறு ரகம்.

இறங்கிய பிறகுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தலை கிறுகிறுத்தாலும், தூங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கருகிய ஆயிலிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே ரத்தத்தில் அதன் அளவு நாலைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் சீக்கிரம். அதற்காக ஆக்சிஜனைத் தள்ளிப்போடக் கூடாது, ரத்தம் எடுப்பதைத்தான் முந்திக்கொள்ள வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. கார்பாக்ஸிஹீமோகுளோபின் பரிசோதனை என்று கேட்டு எடுக்க வேண்டும்.

டாக்டரிடம் ‘விமானத்தில் ஏதோ வாடை’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ‘எஞ்சின் ஆயில் ஆவியைச் சுவாசித்தேன், அதில் ஆர்கனோபாஸ்பேட் இருக்கிறது’ என்று சொன்னால் விளங்கும். பூச்சிமருந்து குடித்தவர்களைப் பார்த்துப் பார்த்து, இந்த ரசாயனக் குடும்பத்தைப் பற்றித் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இருக்கும் அனுபவம் அதிகம். அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் கோலினெஸ்டரேஸ் பரிசோதனையையே இங்கேயும் கேட்கலாம். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். காலில் பலவீனமோ மதமதப்போ உடனே தெரியாமல், ஒன்றிரண்டு வாரம் கழித்தும் தொடங்கலாம்.

விமானத்தின் டெக்னிக்கல் லாக்கில் எழுதியிருக்கிறதா என்பதை அன்றே பார்த்துவிடுவது நல்லது. எழுதினால்தான் தரைப் பொறியாளர் சீலைச் சோதிப்பார், அடுத்த ஷிப்டு க்ரூ அதே காற்றில் ஏறாமல் தப்பும். இழப்பீட்டுக்கும் அந்தப் பதிவே முதல் சான்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, ஆர்கனோபாஸ்பரஸ் சேர்மங்களால் வரும் நஞ்சேற்றத்தைத் தொழில்நோயாக வகைப்படுத்தியிருந்தது. பிற்காலத் திருத்தத்தின்படி விமானப் பணிக்குழுவினரும் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தார்கள்.