மீட்டர் எரியுது, செல்ஃப் எடுக்கலை... பேட்டரிதான் காரணமா? கடலோர பைக்குகளின் ஒயரிங் சிக்கல்: ஒரு விளக்கம்

விடிவதற்குள் காசிமேடு ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பின்சீட்டில் ஐஸ் பெட்டி கட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் மீட்டர் எரிகிறது, ஹாரனும் அடிக்கிறது. ஆனால் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக்... டக்...' என்ற சத்தத்தோடு சரி. எண்ணூர் முகத்துவாரக்குப்பம் போன்ற கடலோரக் குப்பங்களில் பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அன்றைய வியாபாரம் போச்சு. அதோடு, 'பேட்டரி போயிடுச்சு' என்று புதிதாக வாங்கிப் போட்டால், சில வாரத்தில் மறுபடியும் அதே 'டக் டக்'.

அப்படியானால் கோளாறு எங்கே?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். கடல்காற்றில் எப்போதும் உப்பு ஈரம். பைக்கின் ஒயர்கள் செம்பு இழைகளால் ஆனவை. கப்ளர் எனப்படும் பிளாஸ்டிக் இணைப்புகளுக்குள் உப்பு ஈரம் நுழைந்தால், செப்புப் பாத்திரத்தில் பிடிக்கும் அதே பச்சைக் களிம்பு உள்ளே பிடிக்கும். ஒயரின் வெட்டுப்பட்ட முனை வழியாக ஈரம் உறைக்குள்ளேயே ஏறிப் போவதும் உண்டு. வெளியே பார்த்தால் ஒயர் புதுசு மாதிரி இருக்கும். உறையைச் சீவினால் உள்ளே கறுத்துப்போன இழைகள்!

லைட் எரியும்போது செல்ஃப் ஏன் எடுக்காது?

இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். களிம்பு பிடித்த ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 வாட் ஹெட்லைட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்சாரம் போகும். அந்த இணைப்பில் வீணாவது 5 × 0.05 = 0.25 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ஆனால் செல்ஃப் மோட்டார் இழுப்பது பல மடங்கு அதிகம். 40 ஆம்பியர் என்று வைத்தாலே 2 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். பேட்டரி நன்றாக இருந்தும் மோட்டார் சுற்றாமல் திணறுவதற்கு இதுதான் காரணம்.

அதிலும் பலர் கவனிக்காதது எர்த். பேட்டரியின் மைனஸ் ஒயர் சேஸிலோ இன்ஜினிலோ ஒரு போல்ட் வைத்து முடுக்கப்பட்டிருக்கும். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி அது. அந்த போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்தால், இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குவது, பிரேக் பிடித்தால் மீட்டர் துடிப்பது என்று 'பேய் பிடித்த' மாதிரி எல்லாம் நடக்கும். வழி அடைபட்ட மின்சாரம் வேறு விளக்குகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதுதான் விஷயம்.

மல்டிமீட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் சார்ஜ் முழுதாக இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. அடுத்து, செல்ஃப் பட்டனை அழுத்தியபடியே பாருங்கள். 10 வோல்ட்டுக்கும் கீழே சடாரென விழுந்தால் பேட்டரி மீது சந்தேகப்படலாம். விழாமல் நின்று, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள்.

எர்த்தைப் பிடிக்கவும் அதே மீட்டர்தான். ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். செலவு என்று பார்த்தால் உப்புத்தாள் காசுதான்.

வண்டி கிளம்பிய பிறகும் ஒரு சோதனை பாக்கி. ஆக்ஸிலரேட்டரைச் சற்று முறுக்கிப் பிடித்தால் பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் மேக்னட் காயில், ஆர்.ஆர். யூனிட், இரண்டுக்கும் நடுவில் உள்ள கப்ளர் ஆகிய மூன்றில் ஒன்று. உருகிக் கறுத்த கப்ளரைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பல்புகளும் பேட்டரியும் அடுத்தடுத்துப் போகும்.

பழைய புல்லட்டில் இந்தக் கவலையே இருந்ததில்லை. 1955-ல் மெட்ராஸில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, பக்கத்துத் திருவொற்றியூர் ஆலையில் தயாரித்த புல்லட்டுகளில் ஹெட்லைட்டுக்கு மேலேயே ஆம்பியர் மீட்டர் இருக்கும். முள் பிளஸ் பக்கம் போனால் சார்ஜ் ஏறுகிறது, மைனஸ் பக்கம் போனால் இறங்குகிறது. அவ்வளவுதான். இன்றைய வண்டிகளின் டிஸ்பிளேவில் என்னென்னவோ வருகிறது, பலவற்றில் இது மட்டும் வருவதில்லை.

நிறத்தை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எந்த கம்பெனி வண்டி என்று தெரிந்தால் மட்டும். ஹோண்டா வழி வண்டிகளில் பச்சை எர்த். கறுப்பு, சாவி போட்டதும் மின்சாரம் வரும் ஒயர். யமஹாவிலோ கறுப்புதான் எர்த். ஒன்றில் பழகிய கையோடு இன்னொன்றில் எக்ஸ்ட்ரா லைட் மாட்டினால் ஃபியூஸ் போவது நிச்சயம்.

ஃபியூஸ் போனால் என்ன செய்கிறோம்? சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டு ஓட்டுகிறோம். ஆபத்து இங்கேதான். 15 ஆம்பியர் ஃபியூஸ் (நீல நிறம்) உருகித் தன் உயிரைக் கொடுப்பது, டேங்குக்கு அடியில் ஓடும் ஒயர் உருகாமல் இருப்பதற்காக. வெள்ளித்தாள் உருகாது, ஒயர் உருகும். அதற்கு மேலேதான் பெட்ரோல் இருக்கிறது.

புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட். முதலில் பார்க்க வேண்டிய இடம் ஹேண்டில்பார் கழுத்து. இடது, வலது என்று ஆயிரக்கணக்கான முறை மடங்குவதால் ஒயரிங் செட் அங்கேதான் உராய்ந்து வெட்டுப்படும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது லைட் அணைந்து எரிந்தால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

'ராத்திரி நிறுத்தினா காலைல பேட்டரி காலி' என்பது வேறு கதை. அலாரம், ஜி.பி.எஸ் என்று வெளியில் மாட்டிய ஏதோ ஒன்று 50 மில்லியாம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போய்விடும். 5 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளில் தீர்ந்துவிடும். ஒரே ராத்திரியில் காலியானால், இழுப்பது அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது பேட்டரியே சார்ஜ் பிடிக்காமல் போயிருக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது நினைவிருக்கும். படகு, வலை என எல்லாவற்றிலும் எண்ணெய் படிந்தது. அப்படி நின்ற வண்டியில் சாவியே போடக் கூடாது. முதல் வேலை பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. பிறகு கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் உப்பு போக அலசி, முழுசாக உலர்த்தி, கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது வேண்டவே வேண்டாம், ஒரு பொறி போதும். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்பதால் செல்ஃபை அழுத்துவதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. பழைய கார்புரேட்டர் வண்டிகள் சிலவற்றைப் பேட்டரி இல்லாமலேயே உதைத்துக் கிளப்பிவிடலாம். இவற்றில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை இதில் காட்டினால், எகிறும் வோல்ட்டேஜில் இ.சி.யூ. போய்விடக்கூடும்.

கடலோர வண்டிக்கு மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று பேட்டரி முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். கப்ளர்களுக்கு ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ். எர்த் போல்ட்டையும் அப்போதே ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடலாம்.