வண்டும் மயிற்பொறியும்

சீவகசிந்தாமணியின் நாமகளிலம்பகத்தை மாணவர்க்குப் பாடஞ் சொல்லத் தொடங்கி ஏறக்குறைய முப்பதாண்டு கழிந்துவிட்டது. ஆயினும் மயிற்பொறி வரும் இடத்தில் மட்டும் யான் சற்று விரைந்து நடந்துவிடுவது வழக்கம். சச்சந்தன் பொறியொன்று செய்வித்தான். விசயை அதிலேறி வான்வழிச் சென்றாள் என்றதும் மாணவர் நகைப்பர். யானும் உடன் நகைத்து அடுத்த செய்யுளுக்குப் போய்விடுவேன். அண்மையில் எம் வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த ஒன்று என்னை அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டது.

கொழும்பிற் பயிலும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது சிறு பெட்டியொன்றைக் கொணர்ந்தான். உள்ளே இருந்தது கமரா பூட்டிய ட்ரோன். டெல்லோ என்பது அதன் பெயர். 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்று அதன் விலை 99 அமெரிக்க டொலர். கலியாண வீடுகளுக்கும் தேர்த்திருவிழாக்களுக்கும் படம்பிடிப்போர் கொணரும் பெரிய ட்ரோன்களை நோக்க, இது புதிதாகப் பயில்வோன் கைக்கு எட்டும் பொருளே. மின்கலமும் விசிறிகளும் உட்பட நிறை 80 கிராம். கோழிமுட்டை இரண்டின் நிறைகூட இல்லை. ஒருமுறை மின்னேற்றினால் 13 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. எம் கையில் அது பத்து நிமிடத்தைக் கடக்கவில்லை.

"மாமா, ஒருக்கால் நீங்களும் ஓட்டிப் பாருங்கோ" என்றான். பண்டிதனுக்கு இஃது எதற்கு என்று முதலில் மறுத்தேன். பின்பு அவன் அதன் இயக்கத்தை விளக்கியபோது, மறுத்த வாய் திறந்தபடியே இருந்தது.

நான்கு மூலையிலும் நான்கு விசிறிகள். அவற்றுள் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு வலமாகவும், மற்றை இரண்டு இடமாகவும் சுழல்கின்றன. நான்கும் ஒரே பக்கமாகச் சுழலுமாயின் உடல் மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்றன் முறுக்கை மற்றொன்று அழிப்பதனாலேதான் அது நேரே நிற்கின்றது. நான்கும் விரைந்தால் மேலெழும்; நான்கும் தளர்ந்தால் இறங்கும். பின்னிரண்டு விரைந்து முன்னிரண்டு தளர்ந்தால் தலை தாழ்த்தி முன்னே செல்லும். மயிற்பொறியை வலம் திரித்தால் எழும், இடம் திரித்தால் இறங்கும் என்று திருத்தக்கதேவர் சொல்லியதை இத்தனை ஆண்டும் ஓதிய எனக்கு, வலமும் இடமும் வானிலே செய்யும் வேலையை இருபது வயதுப் பிள்ளை ஒருவன் சொல்லித்தர வேண்டியிருந்தது.

இதனாற் பண்டைத் தமிழர் ட்ரோன் பறக்கவிட்டனர் என்று மேடையில் முழங்குவாரோடு சேர்ந்துவிட்டேன் என எண்ணற்க. புலவர் கற்பனைக்குப் பொறியியல் சான்று தேடுவது புலவரைப் பெருமைப்படுத்துவது ஆகாது.

முதலில் வீட்டு மண்டபத்துள்ளே விட்டோம். செலுத்தும் கோல் இல்லை. கைத்தொலைபேசியின் திரையிலே இரண்டு வட்டங்கள். இடப் பெருவிரல் ஏற்றியிறக்கித் திருப்பும். வலப் பெருவிரல் முன்னும் பின்னும் பக்கத்தும் நகர்த்தும். விரலை எடுத்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். அடிவயிற்றிலுள்ள சிறுகண் நிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் இடத்தைக் காக்கின்றதாம். ஆதலின் கோலமிட்ட நிலத்தின்மேல் அசையாது நின்றது. மங்கலான ஒளியில், வழுவழுத்த சீமெந்துத் தரையின்மேல் மெல்ல வழுக்கிச் சென்றது. என்னை விட்டு அப்பாற் செல்லும்வரை யான் வல்லவனாகவே இருந்தேன். அது என்னை நோக்கித் திரும்பியதும் அதன் வலம் என் இடமாயிற்று. விலக்க எண்ணி விரலை அசைத்தேன். நேரே வந்து புத்தக அலுமாரியில் மோதி விழுந்தது. விசிறிகளுக்குக் காப்பு வளையம் இருந்தமையாற் பிழைத்தது.

மறுநாள் முற்றத்துக்குக் கொண்டுபோனோம். ஒன்று சொல்லவேண்டும்: 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளின் பின்பு நாட்டில் ட்ரோன் பறப்பது சிலகாலம் தடுக்கப்பட்டிருந்தது, சிறிதோ பெரிதோ, வெளியில் விட நினைப்போர் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை முன்னரே கேட்டறிவது நலம். யாம் வேலிக்கு உள்ளே, தென்னையின் பாதியுயரத்துக்கு மேற்போகாமல் விட்டோம். அதற்குள்ளேயே சோளகக் காற்று அதனை இழுத்துப் பலாமரத்திற் செருகிவிட்டது. காற்றிருக்கும்போது விடற்க என்று கைந்நூலில் எழுதியிருந்தது. நூலைப் படியாது பரீட்சைக்கு வரும் மாணவரை எத்தனை முறை ஏசியிருப்பேன்!

மாலையிற் காற்றடங்கியது. மீண்டும் எழுப்பினோம். நன்றாக நின்று இரைந்தது.

குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த என் பெரியம்மா சுளகைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். அழுதிருந்தால் உடனே ஓடியிருப்போம். சிறிது நேரத்தின்பின் தேடிப் போனேன். நடு அறையின் மூலையிலே சுவரோடு ஒடுங்கிக் குந்தியிருந்தார். "வண்டு வந்திட்டுது. பிள்ளையளை உள்ளுக்கு எடு" என்றார்.

"எந்த வண்டு?" என்று மருமகன் கேட்டான். அவனுக்குத் தெரியாது.

1995இல் வலிகாமத்து இடப்பெயர்வோடு போன பெரியம்மா, வன்னியில் 2009வரை இருந்தவர். வேவு விமானத்திற்கு அங்குள்ளோர் இட்ட பெயர் வண்டு. ஆளில்லாமல், கண்ணுக்குப் புள்ளியாகவும் தோன்றாமல், வானத்தில் நெடுநேரம் இரைந்துகொண்டே நிற்கும். அது சுற்றிப்போன இடத்திற்கு அடுத்து என்ன வரும் என்பதை அங்கிருந்த பிள்ளைகளும் அறிவர்.

ட்ரோன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் தேனீ என்பது பொருள். 1935இல் பிரித்தானியர், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வானொலியால் இயக்கிய விமானத்தை இராணித் தேனீ என்றழைத்தனர். அதனைத் தொடர்ந்தே அமெரிக்கர் ஆண் தேனீ என்னும் பெயரைக் கொண்டனர் என்பர். இவ்வரலாறு எதனையும் அறியாத வன்னி மக்கள், பதுங்குகுழியிற் செவி ஒன்றையே கொண்டு, அதே இனத்துப் பெயரைக் கண்டுபிடித்தனர். ஆளில்லா விமானம் என்பது அலுவலகத்தார் ஆக்கிய சொல். பாகன் செலுத்தாத வானூர்தி என்னும் கருத்தைப் புறநானூற்றின் 27ஆம் பாட்டிலே முதுகண்ணன் சாத்தனார் சொல்லியதும் உண்டு. ஆனால் அது புகழுடையோர் மேலுலகு செல்லும் ஊர்தி. கலைச்சொல் ஆக்குங் குழுக்களில் இருந்திருக்கின்றேன். வண்டு போல ஒரு சொல்லை எக்குழுவும் ஆக்கியதில்லை. அதனை அகராதியில் ஏற்றுக என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

வானத்து இரைச்சல் அவருக்கு எக்காலமும் அச்சமாக இருந்ததில்லை. தைமாதத்தில் விண் பூட்டிய பட்டத்தை ஏற்றிக் கயிற்றை மரத்திற் கட்டிவிட்டால் அது இரவெல்லாம் கூவும். அக்கூவலைக் கேட்டுக்கொண்டே எங்களை உறங்கவைத்தவர் இந்தப் பெரியம்மாதான்.

அன்றிரவு சிந்தாமணியை எடுத்து மயிற்பொறியின் பகுதியைத் திரும்பப் படித்தேன். அது விளையாட்டுப் பொருளன்று. கணவன் போரில் மடியப்போகின்றான் என்பதறிந்து, வயிற்றுப் பிள்ளையோடு தப்பியோடுவதற்கு ஏறிய ஊர்தி. செலுத்தும் முறையைப் புதிதாகப் பயின்றவள் விசயை. அவளை வீழ்த்தியது காற்றன்று, ஓர் ஒலி. கட்டியங்காரனின் வெற்றிமுரசு செவியில் விழுந்ததும் மயங்கினாள். பொறி சுடுகாட்டில் இறங்கியது. முப்பதாண்டு இவ்விடத்தில் நகைத்தவன் யான்.

மறுநாட் காலை மருமகன் அந்த ட்ரோனை, இயக்காமல், பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். நிறுத்துப் பார்ப்பவர்போல் கையை மெல்ல ஏற்றியிறக்கினார். "இவ்வளவுதானோ?" என்றார். பின்னர் அது பிடித்த படத்தைக் காட்டினான். ஐந்து மெகாபிக்செல் கமராதான்; பெரியவற்றின் தெளிவு இல்லை. ஆயினும் எம் வீட்டுக் கூரை முழுவதும் அதில் இருந்தது. அறுபதாண்டாக வாழ்ந்த வீட்டின் கூரையை அவர் மேலிருந்து கண்டது அன்றே. நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "குசினிப் பக்கம் ரெண்டு ஓடு உடைஞ்சு கிடக்கு. மாரிக்கு முன்னம் மாத்து" என்றார்.

ஓடு மாற்றியாயிற்று. ட்ரோனை எழுப்பும் நேரத்தை இப்பொழுது அவருக்கு முன்னரே சொல்லிவிடுகின்றோம். "விடு, விடு" என்கிறார். சொல்லியபின்னும் அது இறங்கும்வரை வாசற்படியைத் தாண்டி வெளியே வருவதில்லை.