கஞ்சாப் புகையும் நுரையீரற் காவலும்

ஆரல்வாய்மொழிக் கணவாயினூடே வீசும் காற்று நாஞ்சில் நாட்டார்க்கு இயற்கை அளித்த கொடையாம். அக்காற்றை விடுத்துக் கஞ்சாப் புகையை நாடும் இளைஞர் சிலர் நம்மிடையேயும் உளர். "இஃது இலைதானே, அளவோடு இழுத்தால் என்ன கேடு?" என்பது அவர்தம் வினா.

இவ்வினா புதிதன்று. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்வி நிலையம் கல்லூரியாக உயர்ந்த 1893ஆம் ஆண்டிலேயே, இதனை ஆராய இந்திய அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. 1894இல் முடிந்த அதன் அறிக்கை, மிதமாகக் கொள்வோர்க்குப் பெரும்பாலும் தீங்கில்லை என்றும், மிகுதியாகப் புகைப்போர்க்கு மூச்சுக்குழல் அழற்சி உண்டாகலாம் என்றும் கூறிற்று. ஆயின், உயிருள்ளோரின் நுரையீரலினின்று அணுக்களை எடுத்துச் சோதிக்கும் முறை அந்நாளில் இல்லை. குழுவினர் பெரிதும் சாட்சிகளின் கூற்றையே சார்ந்திருந்தனர்.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள. அவற்றுள் விழுங்கணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் காவல் புரிகின்றன. காற்றோடு புகும் கிருமிகளை விழுங்கி அழிப்பதும், துணையணுக்களை அழைக்கும் இரசாயனத் தூதுகளை விடுப்பதும் அவற்றின் தொழில். அணுக்கள் இங்ஙனம் பகைப்பொருளை விழுங்குதலை 1882இல் கண்டு விளக்கிய மெச்னிகாவ் என்னும் ருஷ்ய அறிஞர், 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

1997இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர் சிலர், கஞ்சா புகைப்போரின் விழுங்கணுக்களைச் சோதித்தனர். அவை கிருமிகளை விழுங்குவதிலும் கொல்வதிலும் தளர்ந்திருந்தன. தூதுப்பொருள்களையும் குறைவாகவே சுரந்தன. கொக்கெய்ன் புகைப்போரின் அணுக்களிலும் கொல்லும் ஆற்றல் குன்றியிருந்தது. கஞ்சாவின் மயக்குப்பொருள் மூளையை மட்டும் தொடுவதன்று. அது பற்றும் ஏற்பிகள் வெள்ளணுக்களிலும் உள என்பது 1993இல் அறியப்பட்டது.

இன்று அரசு மருத்துவக் கல்லூரி விளங்கும் ஆசாரிபள்ளத்தில் முன்னாளில் காசநோய் மருத்துவமனை இருந்ததை மூத்தோர் அறிவர். நுரையீரலுட் புகும் காசநோய்க் கிருமியை முதலில் எதிர்கொள்வன இவ்விழுங்கணுக்களே. ஒரே குழலைப் பலர் மாறி மாறி இழுத்தும், அடைத்த இடத்திற் கூடிப் புகைத்தும் அந்நோயைப் பரப்பியமை அயல்நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது.

அணுக்கள் தளர்வதைப் புகைப்பவன் உணரான், வலியில்லை, காய்ச்சலுமில்லை. காவலன் உறங்கியதை, கள்வன் புகுந்த பின்னரன்றோ வீட்டார் அறிவர்! ஆதலின் மாணவ நண்பர்காள், தோழன் அக்குழலை நீட்டுங்கால் மறுப்பது தோழமைக்கு இழுக்கன்று. பழக்கத்திற் சிக்கியவனை இகழாது, கைப்பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நட்பாகும்.