இறுக்கமும் சோதனையும்

கரும்பலகையின் முன் நின்றே காலம் கழித்தவன் நான். மின்பொறியியல் கற்றவன் அல்லேன். ஆயினும், பெரிய மின்கருவிகளை நிறுவுங்கால் கைக்கொள்ள வேண்டிய முறைகளைக் குறித்து இன்று பேசத் துணிந்தேன். என் பள்ளியில் நிகழ்ந்த ஒரு சம்பவமே அதற்குக் காரணம்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது பள்ளிக்கு ஒரு ஜெனரேட்டரும் அதற்குரிய மின்பலகையும் நிறுவப்பட்டன. வேலை முடிந்தது என்னும் தாளில் கையொப்பமிட்டவன் நானே. என்ன சோதனை செய்தீர்கள் என்று ஒரு சொல் கேட்டேனில்லை. மூன்றாம் மாதம், தேர்வு நடந்துகொண்டிருந்த வேளையில், ஏதோ கருகும் நாற்றம் எழுந்தது. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தால், ஒரு கம்பியின் உறை உருகி வழிந்திருந்தது. அங்கிருந்த நட்டு விரலாலேயே சுழலும்படி தளர்ந்து கிடந்தது. சுவருக்கு அப்பால் அறுபது குழந்தைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்!

பழுது பார்க்க வந்தவர் என் பழைய மாணவர். அவர் அன்று எனக்கு நடத்திய பாடத்தையே உங்கள் முன் வைக்கிறேன்.

தளர்ந்த இணைப்பு ஏன் சூடேறுகிறது? வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளும் உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தவை. சில புள்ளிகளிலேதான் ஒன்றையொன்று தொடுகின்றன. நன்கு அழுத்தினால் தொடும் இடம் பெருகும். தளர்ந்தால் குறையும், மின்தடை மிகும். மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் மின்தடைக்கும் ஏற்ப வெப்பம் பிறக்கும் என்று ஜூல் என்னும் அறிஞர் 1841-இல் விளக்கினார். ஓர் இணைப்பில் ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு தடையே உள்ளது என்று கொள்வோம். அதில் 100 ஆம்பியர் பாய்ந்தால் 100 வாட் வெப்பம் உண்டாகும். பழைய 100 வாட் பல்பு ஒன்றின் சூடு முழுவதும் ஒரு நட்டின் அடியில் ஒடுங்கினால் என்னவாகும்? உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும், இணைப்பு மேலும் தளரும், மேலும் சூடேறும்.

"அப்படியானால் வலிமையுள்ள மட்டும் இறுக்கிவிடலாமே?" என்றேன். அவர் சிரித்து, "ஐயா, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்!" என்றார். மிகையாக இறுக்கினால் போல்ட் தன் மீள்திறனை இழந்து நீளும், மரை அழியும், அலுமினியம் போன்ற மென்மையான உலோகம் நசுங்கி விலகும். ஆகவேதான் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கருவி செய்தோர் எண்ணாலேயே குறித்திருப்பார்கள். 40 நியூட்டன் மீட்டர் என்றால், 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. டார்க் ரெஞ்ச் என்னும் கருவி அந்த அளவு வந்தவுடன் ஒலியெழுப்பி அறிவிக்கும். இறுக்கிய பின் போல்ட்டின் மீதும் அதன் பக்கத்திலும் தொடர்ச்சியாக ஒரு வண்ணக் கோடு இட்டுவிட்டால், பிற்காலத்தில் அது தளர்ந்ததா என்பதைக் கண்ணாலேயே அறியலாம்.

இவ்வேலைகள் அனைத்தும் மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னரே நடைபெற வேண்டும். சுவிட்சைப் பூட்டிச் சாவியை வேலை செய்வோரே வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் இல்லை என்பதைச் சோதிக்கும் கருவியை, முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, அது சரியாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் சோதிக்க வேண்டும். மீண்டும் முதலிடத்தில் சரிபார்க்க வேண்டும். பழுதான கருவி, மின்சாரம் இருந்தும் இல்லை என்று பொய் சொல்லும். அப்பொய்யை நம்பியவர் உயிரையே இழக்க நேரும்.

அடுத்தது காப்புச் சோதனை. 415 வோல்ட் கருவிகளுக்கு மெகர் கொண்டு 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் செலுத்திப் பார்ப்பது வழக்கம். காப்புத்தடை 1 மெகா ஓமிற்குக் குறைந்தால் இணைப்புக் கொடுக்கலாகாது. மின்னணுப் பாகங்களை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சோதனையே அவற்றைக் கெடுத்துவிடும். சோதித்து முடிந்ததும் நீண்ட கேபிளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்; அதை முறைப்படி இறக்கிய பின்னரே தொடலாம்.

ஒன்றை மறவாதீர்கள். மெகர் காப்பைப் பற்றிச் சொல்லுமேயன்றி, நட்டின் தளர்ச்சியைச் சொல்லாது. கணக்கில் நூறு மதிப்பெண் வாங்கிய மாணவன் வரலாற்றிலும் தேறிவிட்டான் என்று நாம் எழுதுவதுண்டா? ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கே விடை தரும்.

அன்பர்களே, இவற்றைச் செய்ய வேண்டியவர்கள் உரிமம் பெற்ற பணியாளர்களே, நாமல்ல. ஆனால் கேட்க வேண்டியவர்கள் நாம். பள்ளியோ, ஆலையோ, திருமண மண்டபமோ, கையொப்பமிடும் முன்னர், "இறுக்கிய அளவு என்ன? காப்புத்தடை எவ்வளவு? நிலத்தொடர்பு சோதிக்கப்பட்டதா? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நான் கேளாமல் விட்டேன். அன்று குழந்தைகள் தப்பியது என் திறமையால் அன்று.