கண்ணாடிப் பேழைகளுக்குப் பின்னால்

இலண்டன் மாநகரின் தென்கென்சிங்டன் பகுதியில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அதன் நடுக்கூடத்தில் நுழைவோரை 25 மீட்டர் நீளமுள்ள நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு வரவேற்கிறது. காண்போர் வியந்து நிற்கும் இத்தகைய காட்சிப்பொருள்கள் அங்குள்ள சேகரிப்பில் மிகச் சிறு பகுதியே ஆகும். ஏறத்தாழ 8 கோடி மாதிரிகளுள் பெரும்பாலானவை மூடிய கதவுகளுக்குப் பின்னால் பாதுகாக்கப்படுகின்றன. காட்சிக்கு வைக்கப்படாத பொருள்களை இத்தனை பாடுபட்டுக் காப்பது ஏன்? இவ்வினாவிற்கான விடை அந்நிறுவனத்தின் வரலாற்றிலேயே உள்ளது.

தோற்றமும் வளர்ச்சியும்

மருத்துவரான ஹான்ஸ் ஸ்லோன் 1753ஆம் ஆண்டு மறைந்தபோது, தாம் சேகரித்த 71,000க்கும் மேற்பட்ட பொருள்களை விட்டுச்சென்றார். அவற்றைக் கொண்டே பிரித்தானிய அருங்காட்சியகம் தோற்றுவிக்கப்பட்டது. ஆயினும், உயிரினங்களைக் கெடாமல் பேணும் முறையை அக்காலத்தவர் நன்கு அறிந்திருக்கவில்லை. பூச்சி அரித்தும் அழுகியும் கெட்ட மாதிரிகள் பல எரிக்கப்பட்டன. ஸ்லோன் சேர்த்த விலங்குகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

1856இல் இயற்கை வரலாற்றுப் பிரிவுகளுக்குப் பொறுப்பேற்ற ரிச்சர்டு ஓவன், இடநெருக்கடியைச் சுட்டிக்காட்டித் தனிக்கட்டடம் வேண்டும் எனப் பல ஆண்டுகள் வாதாடினார். அதன் பயனாக, ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த புதிய கட்டடம் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் திறக்கப்பட்டது.

திரைமறைவுப் பணிகள்

எலும்புக்கூடுகளைத் தூய்மை செய்வதற்கு அங்குத் தோல்வண்டுகள் வளர்க்கப்படுகின்றன. நுண்ணிய எலும்புக்கும் ஊறு நேராமல் அவை தசையை மட்டும் தின்றுவிடும். வியப்பு யாதெனில், இவ்வண்டின் உறவினமான மற்றொரு சிறுவண்டு சேகரிப்பறைக்குள் புகுந்தால், இறகுகளையும் பூச்சி மாதிரிகளையும் அரித்துத் துகளாக்கிவிடும். ஒன்றை வளர்ப்பதும் மற்றொன்றைத் தடுப்பதும் பணியாளர்களின் அன்றாடக் கடமைகள். மீன், பாம்பு, தவளை முதலியவை எத்தனால் கரைசலில் வைக்கப்படுகின்றன. அக்கரைசல் எளிதில் தீப்பற்றும் தன்மையுடையது. ஆதலின் அவற்றுக்கெனக் குளிரூட்டப்பட்ட தனிக்கட்டடம் உண்டு.

ஒவ்வொரு மாதிரியுடனும் ஒரு விவரச்சீட்டு இணைந்திருக்கும். எங்கே, எப்போது, யாரால் சேகரிக்கப்பட்டது என்பதை அது கூறும். சீட்டை இழந்த மாதிரி, முகவரி அழிந்த மடலை ஒத்தது. ஆய்வுக்கு அது பெரிதும் பயன்படாது.

உறங்கிய விதைகள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டு, தாவரவியல் பிரிவின்மீது குண்டுகள் விழுந்தன. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர், 1793இல் சீனாவில் சேகரிக்கப்பட்ட வாகையின மரமொன்றின் விதைகளை நனைத்தது. 147 ஆண்டுகள் உறங்கியிருந்த அவ்விதைகள் முளைத்தெழுந்தன!

முட்டைகள் அளித்த சான்று

பிரிட்டனில் பொரி வல்லூறுகளின் எண்ணிக்கை 1950களில் விரைந்து குறைந்தது. காரணம் தேடிய டெரக் ராட்கிளிஃப் என்னும் அறிஞர், அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த பழைய முட்டைகளின் ஓடுகளைப் புதிய ஓடுகளுடன் ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓட்டின் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதை அவர் 1967இல் வெளியிட்டார். டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அம்முட்டைகளைச் சேகரித்தவர்களுள் பலர் அந்த நச்சுப்பொருளின் பெயரைக்கூட அறிந்திருக்கமாட்டார்கள். எனினும், அவர்கள் சீட்டில் எழுதிவைத்த ஆண்டே பிற்காலத்தில் சான்றாக நின்றது.

நடுக்கூடத்துத் திமிங்கிலமும் இத்தகையதே. 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய அதன் எலும்புக்கூடு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1934இல்தான் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. அதன் வாயிலிருந்து எடுத்துச் சேமிப்பறையில் வைக்கப்பட்ட வடிதகடுகளை அண்மையில் ஆராய்ந்த அறிஞர்கள், அத்திமிங்கிலம் தன் இறுதி ஏழு ஆண்டுகளில் மேற்கொண்ட கடற்பயணங்களை உய்த்துணர்ந்துள்ளனர்.

சீட்டில் இடம்பெறாத பெயர்கள்

இவ்வரலாற்றில் மறைந்துகிடக்கும் மற்றொரு பக்கமும் உண்டு. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பகுதி, ஜமைக்காவில் அடிமைப்படுத்தப்பட்டோர் உழைத்த தோட்டங்களிலிருந்து வந்தது. அம்மக்களிடமிருந்தே அங்குள்ள செடிகளைப் பற்றிய செய்திகள் பலவற்றை அவர் அறிந்தார். காடு காட்டியவர், வலை வீசியவர், சுமை தூக்கியவர் எனக் குடியேற்ற நாடுகளின் எளிய மக்கள் பலர் இச்சேகரிப்புக்கு உதவினர். ஆனால், அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் விவரச்சீட்டுகளில் இல்லை. அவர்களது பங்கைப் பழைய ஆவணங்களிலிருந்து வெளிக்கொணர்வதும் இன்றைய ஆய்வாளர்களின் கடமையாகும்.

மாணவர்களே! ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது, பொருளைக் கண்டு வியப்பதோடு நில்லாமல் அதன் விவரச்சீட்டையும் படித்துப் பாருங்கள். அதில் யாருடைய பெயர் உள்ளது, யாருடைய பெயர் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.