பழைய நீராவி எஞ்சினை இடம் பெயர்த்தல்

பழைய நீராவி எஞ்சினை இடம் பெயர்த்தல் என்பது, ஓட்டம் நிறுத்தப்பட்டுப் பூங்காவிலோ அருங்காட்சியகத்திலோ காட்சிக்கு வைக்கப்பட்ட எஞ்சினை வேறோர் இடத்துக்குச் சேதமின்றிக் கொண்டுசெல்லும் பணியாகும். உடைந்த பாகத்துக்கு மாற்று கடையில் கிடைக்காது; புதிதாக வார்த்தோ கடைந்தோதான் செய்ய வேண்டும். எனவே இழுத்துச் செல்லும் வேலையைவிட அதற்கு முந்தைய ஆயத்த வேலையே பெரிது.

முன்னேற்பாடுகள்

தாங்கிகள்: பல ஆண்டுகள் அசையாமல் நின்ற எஞ்சினில், அச்சுகளைச் சுமக்கும் தாங்கிகளின் (பேரிங்) எண்ணெய் வற்றி, ஈரமும் தூசியும் சேர்ந்திருக்கும். அப்படியே இழுத்தால் உராய்வினால் சூடேறி அச்சு கெடும். ஆகவே தாங்கிகளைத் திறந்து, துடைத்து, புதிய எண்ணெய் இடுவர்.

பிஸ்டன்: சக்கரம் சுழன்றால், அதனுடன் தண்டால் இணைந்த பிஸ்டனும் சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் ஓடும். உலர்ந்த சிலிண்டரில் அது சுவரைக் கீறிவிடும். இதைத் தவிர்க்கச் சிலிண்டருக்கு எண்ணெய் இடுவர். அல்லது முதன்மைத் தண்டைக் கழற்றிவிடுவர்.

பிரேக்: துருப்பிடித்துச் சக்கரத்தோடு ஒட்டிய பிரேக் கட்டைகள் விடுவிக்கப்படும். எஞ்சினின் பிரேக் இயங்காவிட்டால், பிரேக் உள்ள பெட்டிகள் உடன் இணைக்கப்படும்.

கல்நார்: பழைய கொதிகலன்களின் வெப்பக்காப்பு உறையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதன் தூசி நுரையீரலைப் பாதிக்கும். பயிற்சி பெற்றோரே அதை அகற்ற வேண்டும்.

பாதை: எஞ்சினின் எடை, உயரம், அகலம் ஆகியவற்றைப் பாலங்களுடனும் வளைவுகளுடனும் ஒப்பிட்டுப் பார்ப்பர்.

தண்டவாள வழியில் குறைந்த வேகத்தில் இழுத்து, அவ்வப்போது நிறுத்தித் தாங்கிகளின் சூட்டைச் சோதிப்பர். சாலை வழியெனில் டெண்டரைத் தனியே பிரித்து, பல அச்சு இழுவை வண்டியில் ஏற்றுவர்.

எடுத்துக்காட்டு: பிக் பாய் 4014

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் நிறுவனத்துக்காக 25 'பிக் பாய்' எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றுள் 1941-இல் உருவான 4014, நீரும் எரிபொருளும் நிரம்பிய டெண்டருடன் ஏறத்தாழ 540 டன் எடையுள்ளது. 1959-இல் ஓட்டம் நின்ற பின், கலிபோர்னியாவின் பொமோனா நகரக் கண்காட்சித் திடலில் 1962 முதல் காட்சிக்கு நின்றது.

2013-இல் யூனியன் பசிபிக் இதை மீண்டும் பெற்றது. எஞ்சினுக்கும் இருப்புப்பாதைக்கும் இடையே வாகன நிறுத்துமிடம் இருந்தது. அதன்மேல் தற்காலிகத் தண்டவாளத் துண்டுகள் பரப்பப்பட்டன. எஞ்சின் கடந்ததும் பின்னால் கிடந்த துண்டுகளை எடுத்து முன்னால் இட்டு, சிறிது சிறிதாக நகர்த்தினர்.

2014 சனவரியில் எஞ்சின் கோல்டன் நகரை அடைந்தது. பயண ஆயத்தங்களுக்குப் பின் ஏப்ரல் 28 அன்று டீசல் எஞ்சின்களால் இழுக்கப்பட்டுப் புறப்பட்டு, மே 8 அன்று வயோமிங் மாநிலத்தின் செயேன் பணிமனையைச் சேர்ந்தது. அங்கு முழுமையாகச் சீரமைக்கப்பட்டு, நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியுமாறு மாற்றப்பட்டது.

அமெரிக்கக் கண்டத்தைக் கடந்த முதல் இருப்புப்பாதையின் 150-ஆம் ஆண்டையொட்டி, 2019 மே மாதம் 4014 தன் சொந்த நீராவி ஆற்றலில் மீண்டும் ஓடியது. பொமோனாவில் ஓர் அச்சு கெட்டிருந்தாலும் இந்த ஓட்டம் மேலும் தள்ளிப்போயிருக்கும்.